அம்மானிலிருந்து அகபா வரை: கலீஃபாக்களின் பங்காளிச் சண்டை நடந்த வழியில்

நவம்பர் 5, புதன். அம்மான்

அம்மானில் சமதரை கிடையாது. எங்கே போனாலும் ஏற வேண்டும், இல்லையென்றால் இறங்க வேண்டும். கோட்டைக் குன்றுக்கு நடந்தே போய்விடலாம் என்று விடுதியில் சொன்னார்கள். போகலாம்தான், முழங்காலில் தெம்பு இருந்தால். பாதிப் படிக்கட்டில் ஒரு பாட்டி வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பேச்சு எதுவும் இல்லை. நான் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு மறுபடி கழுவப் போய்விட்டார்.

குன்றின் மேல் எல்லாரும் ஹெர்குலிஸ் கோயில் தூண்களடியில் நின்று படம் எடுக்கிறார்கள். நான் போனது அதற்கு வடக்கே இருக்கும் உமையாக்களின் அரண்மனைக்கு. நபிகள் நாயகத்துக்குப் பிறகு முஸ்லிம்களை ஆண்ட தலைவர்களைக் கலீஃபா என்பார்கள், அந்தப் பதவியை வைத்திருந்த ஒரு வம்சம் உமையாக்கள். 730 வாக்கில், கலீஃபா ஹிஷாம் காலத்தில் எழுந்தது. ஆளுநர் ஆட்களைச் சந்தித்த மண்டபம் மட்டும் முழுசாக நிற்கிறது. அதன் மரக் குவிமாடம் ஸ்பானியத் தொல்லியலாளர்கள் பிற்பாடு போட்டுக் கொடுத்தது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன வளைவுகள், பாரசீக பாணி. பாரசீகத்தைப் பிடித்து நூறு வருடம்கூட ஆகாத சமயம், அதற்குள் தோற்றவன் ரசனை ஜெயித்தவன் வீட்டுச் சுவரில் ஏறிவிட்டது. 749 ஜனவரி நிலநடுக்கத்தில் இந்த அரண்மனை விழுந்தது. அடுத்த ஜனவரியில் உமையாக்களின் ஆட்சியே விழுந்தது.

நபிகள் நாயகம் மறைந்தது 632-இல். அதிலிருந்து 750 வரைக்கும் ஒரு பக்கம் ஸ்பெயின் முதல் சிந்து வரை ஆட்சி பரவியது. இன்னொரு பக்கம் பரப்பியவர்களே ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். இரண்டையும் தனித்தனி அத்தியாயமாகத்தான் எழுதுகிறார்கள். ஜோர்டான் என்ற சின்ன நாட்டுக்குள் இரண்டுக்கும் உரிய இடங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

மாலையில் முதல் அடி. முன்பதிவு செய்திருந்த வாடகைக் கார் வேறு யாருக்கோ போய்விட்டதாம். பணம் பத்து நாளில் திரும்பி வருமாம். விடுதி வரவேற்பில் இருந்த பையன் தன் பெரியப்பாவைக் கூப்பிட்டான். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை மீசை, சொந்தக் கார். பெட்ரோலோடு நாளுக்கு 60 தினார். ஒரு தினார் நம் காசில் ஏறக்குறைய 125 ரூபாய், கணக்குப் போட்டால் வயிறு எரியும். பையன் கூப்பிட்ட மாதிரியே நானும் 'அம்மோ' என்றேன். அவர் என்னை 'உஸ்தாத்', அதாவது வாத்தியார், ஆக்கிவிட்டார்.

நவம்பர் 6, வியாழன். கிழக்குப் பாலைவனம்

விடிகாலையில் குளிர், பத்து மணிக்கு மேல் புழுதிக் காற்று. ஈராக்குக்கும் சவூதிக்கும் போகும் லாரிகள் வரிசையாகப் போகிற சாலை அது. வழியில் ஒரு பெட்டிக்கடையில் ஏலக்காய் தட்டிப் போட்ட காபி, அரை தினார். கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டு, ஊர் எது என்று கேட்டுவிட்டு, காசைத் திருப்பிக் கொடுத்தார். அம்மோ அதை வாங்கி மறுபடி கல்லாவில் வைத்தார். இந்த இழுபறி முடிவதற்குள் காபி ஆறிவிட்டது.

கஸ்ர் கரானா தூரத்திலிருந்து கோட்டை. உள்ளே போனால் அப்படித் தெரியவில்லை. ஜன்னல் என்ற பெயரில் இருக்கும் கீற்றுகளில் நின்று அம்பு விட முடியாது, உயரம் ஒத்துவராது. மாடி அறை ஒன்றில் யாரோ கறுப்பு மையில் எழுதிவைத்த சில வரிகளில் ஹிஜ்ரி 92 முஹர்ரம் என்று தேதி இருக்கிறது. நம் கணக்கில் 710 நவம்பர். சில மாதங்களில் உமையாக்களின் தளபதி தாரிக் ஜிப்ரால்டரைக் கடந்து ஸ்பெயினுக்குள் போகப் போகிறார், இன்னொரு தளபதி முஹம்மது பின் காசிம் சிந்துவுக்குள் நுழையப் போகிறார். இங்கே ஒருத்தர் சுவரில் பிரார்த்தனை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் குஸைர் அம்ரா. யுனெஸ்கோ பட்டியலில் 1985-இலேயே சேர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பம்புசெட் அறை. உள்ளே வேட்டை, குளிக்கும் பெண்கள், யாழ் மாதிரி ஒன்றை மீட்டும் கரடி, வெந்நீர் அறையின் குவிமாடத்தில் நட்சத்திர மண்டலம். ஓர் இஸ்லாமிய இளவரசரின் குளியல் மாளிகை இது. கட்டியவர் யார் என்று பல காலம் விவாதம் நடந்தது. 2012-இல் சுவரைச் சுத்தம் செய்தபோது வெளிவந்த எழுத்தில் வலீத் பின் யஸீதின் பெயர் இருந்தது. கலீஃபா ஆவதற்கு முன்னால், சித்தப்பா ஹிஷாம் எப்போது கண் மூடுவார் என்று பாலைவனத்தில் காத்துக் கிடந்த இளவரசர்.

நான் வந்தது மேற்குச் சுவரில் இருக்கும் ஆறு அரசர்களைப் பார்க்க. மிகவும் தேய்ந்துவிட்டது. காவலர் டார்ச் அடித்து ஒவ்வொரு தலையாகக் காட்டினார். கிழக்கு ரோமப் பேரரசின் கைஸர், ஸ்பெயினின் ரோடரிக், பாரசீகத்தின் கிஸ்ரா, அபிசீனியாவின் நஜாஷி. தலைக்கு மேல் கிரேக்கத்திலும் அரபியிலும் பெயர். மற்ற இருவர் சீனரும் துருக்கியருமாக இருக்கலாம் என்கிறார்கள். ரோடரிக் 711-இல் தோற்றவர், கிஸ்ராவின் வம்சமே முடிந்துபோயிருந்தது. கைஸர் மட்டும் கான்ஸ்டாண்டினோபிளில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். 717-18 முற்றுகையில் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. இருந்தாலும் படத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

வலீத் 743-இல் கலீஃபா ஆனார். 744-இல் சொந்தப் பெரியப்பா மகன் மூன்றாம் யஸீத் கலகம் செய்து, பல்மைராவுக்கு அருகே அவரைக் கொல்ல வைத்தார். அந்த ஒரே வருடத்தில் நான்கு கலீஃபாக்கள். உலகத்து அரசர்களையெல்லாம் சுவரில் வரிசையாக நிறுத்தியவருக்கு எமன் வந்தது குடும்பத்துக்குள்ளிருந்து.

மதியம் அஸ்ரக்கில் கோழியும் சோறும் 4 தினார். சோறு பிரமாதம், கோழி பாலைவனத்திலேயே நடந்து வளர்ந்தது போலிருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி. உம் கைஸ், ஜோர்டான் பள்ளத்தாக்கு

வெள்ளிக்கிழமை என்பதால் தொழுகை முடியும்வரை கடைகள் இல்லை. காலையில் அம்மோ வீட்டிலிருந்து ஜஅதர் மூலிகைப் பொடியும் ஒலிவ எண்ணெயும் தடவிய ரொட்டி ஒரு பை நிறைய வந்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல வழியில்லை, அவர் மனைவி மூன்று பேருக்கு ஆகிற அளவு வைத்து அனுப்பியிருந்தார்.

வடக்கே போகப் போக மழை. எல்லையை ஒட்டிய பகுதி, ராணுவச் சோதனைச் சாவடிகள் உண்டு. ஒரு சாவடியில் இளம் சிப்பாய் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, அம்மோவுக்கு ஒரு சல்யூட் வைத்து அனுப்பினான். அதற்கப்புறம் அரை மணி நேரம் அம்மோ ஓட்டிய ஓட்டமே தனி.

உம் கைஸ் பழைய கதாரா நகரம், கறுப்புக் கல் இடிபாடுகள். மேட்டின் விளிம்பில் நின்றால் இடது பக்கம் திபேரியா ஏரி, எதிரே கோலான், கீழே யர்மூக் ஆற்றின் பள்ளம். இவ்வளவும் தெரியும் என்று படித்திருக்கிறேன். நாங்கள் போனபோது தெரிந்தது வெள்ளையாக ஒரு மேகம். ஒரு கல்லூரிக் கூட்டம் குடைக்கு அடியில் டிரம் தட்டிப் பாடிக்கொண்டிருந்தது. டீக்கடைக் கொட்டகையில் ஒதுங்கினோம். மரமியா இலை போட்ட டீ, ஒரு தினார், சுற்றுலா விலை.

636 ஆகஸ்டில் யர்மூக்கின் கரையோரத்தில், அந்தப் பக்கத்து மேட்டு நிலத்தில், ஆறு நாள் சண்டை நடந்தது. முஸ்லிம் தளபதி காலித் பின் வலீத் வகுத்த வியூகம். கிழக்கு ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸ் அனுப்பிய படையில் கிரேக்கர், ஆர்மீனியர், கஸ்ஸானியக் கிறிஸ்தவ அரபிகள் என்று எல்லாரும் இருந்தார்கள். அது சிதறியதும் சிரியா மொத்தமும் கைமாறியது. ஒரு தலைமுறைக்குள் ஜெருசலேம், எகிப்து, ஈராக், ஈரான்.

இந்த வேகத்தில்தான் சிக்கலும் பிறந்தது என்பது என் எண்ணம். இவ்வளவு நாடு கைக்கு வந்தால் வரிப்பணமும் வரும். அதைப் பங்கிட இரண்டாவது கலீஃபா உமர் ஒரு பதிவேடு போட்டார், பெயர் திவான். யார் எவ்வளவு முன்னால் இஸ்லாத்துக்கு வந்தார் என்பதை வைத்துப் படித்தரம். நபிகள் காலத்து முதல் பெரிய போரான பத்ரில் நின்றவருக்கு வருடத்துக்கு 5,000 திர்ஹம், பின்னால் வந்து சேர்ந்த சாதாரணச் சிப்பாய்க்குச் சில நூறு. உமர் இருந்தவரை யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்து வந்த உஸ்மான், ஆளுநர் பதவிகளைத் தன் உமையா உறவுக்காரர்களுக்குக் கொடுத்தார். கூஃபா, பஸ்ரா, எகிப்தின் ஃபுஸ்தாத் என்று புதிதாக எழுந்த படை நகரங்களில் முணுமுணுப்பு ஆரம்பித்து, 656-இல் மதீனாவில் அவரை அவர் வீட்டிலேயே கொன்றார்கள். முதல் உள்நாட்டுப் போர் அங்கே தொடங்குகிறது.

மழை விட்டு ஒரு பத்து நிமிடம் மேகம் விலகியது. ஏரி தெரிந்தது, அக்கரையில் வெள்ளைப் புள்ளிகளாகத் திபேரியா நகரம். உமையாக்கள் காலத்தில் 'ஜுந்த் அல் உர்துன்' என்ற படை மாவட்டத்துக்குத் தலைநகரம் அது. 684-இல் உமையா வம்சமே கவிழ இருந்த நேரத்தில் இந்த மாவட்டத்துப் படைகள் உமையா குடும்பத்து மர்வானுக்குத் தோள் கொடுத்து, டமாஸ்கஸுக்கு அருகே மர்ஜ் ராஹித்தில் எதிர்த்தரப்பான கைஸ் கோத்திரத்தாரை முறியடித்தன. கைஸ் ஒரு பக்கம், யமன் ஒரு பக்கம் என்ற அந்தப் பகை அதற்கப்புறம் ஆறவே இல்லை. அறுபது வருடம் கழித்து வலீதைக் கொன்றபோதும் மூன்றாம் யஸீதுக்குப் பின்னால் நின்றது யமன்காரர்கள்தான்.

திரும்பும் வழியில் பள்ளத்தாக்கில் இறங்கினோம். மேலே நடுங்கிவிட்டு வந்தவனுக்குக் கீழே வியர்த்தது. சாலையோரம் வாழைப்பழமும் ஆரஞ்சும் குவித்து விற்கிறார்கள். தைர் அல்லாவில் அபூ உபைதாவின் அடக்கத்தலம். சிரியப் படைகளுக்கெல்லாம் தலைமை தாங்கியவர், 639-இல் அம்வாஸ் கொள்ளைநோயில் இறந்தார். அடுத்து பொறுப்புக்கு வந்த யஸீத் பின் அபூ சுஃப்யானையும் அதே நோய் கொண்டுபோனது. பிறகு சிரியா அவர் தம்பி கைக்குப் போனது. தம்பி பெயர் முஆவியா, பின்னாளில் உமையா வம்ச ஆட்சியைத் தொடங்கியவர். வாளால் பிடித்த நாட்டை முஆவியா கையில் கொடுத்தது கொள்ளைநோய். பள்ளிவாசல் வளாகத்தில் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் கையில் ஆளுக்கு ஓர் ஆரஞ்சுப் பழத்தைத் திணித்துவிட்டுப் போனார்.

நவம்பர் 8, சனி. முஅத்தா, மஸார்

கரக் பக்கம் ஆட்டுப்பால் தயிரைக் காயவைத்துக் கல் மாதிரி ஆக்கிய ஜமீத் பிரசித்தம். அதைக் கரைத்து ஆட்டுக்கறியை வேகவைத்து, சோற்றின் மேல் ஊற்றினால் மன்சஃப். 8 தினார். வலது கையால்தான் சாப்பிட வேண்டும், உருட்டி வாயில் போட வேண்டும். அம்மோ எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தயாராக உட்கார்ந்தார். தயிர்ச்சோறு தின்று வளர்ந்தவனுக்கு இதில் பாடம் தேவைப்படவில்லை, அவருக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். ராத்திரி முழுக்க வயிறு திம்மென்று இருந்தது தனிக்கதை.

முஅத்தாவில் இன்று பெரிய பல்கலைக்கழகம். 629-இல், நபிகள் நாயகம் உயிரோடிருந்தபோதே, இங்கே ரோமப் படையோடு முதல் மோதல். மூவாயிரம் பேர் வந்தார்கள் என்பது மரபு. ஸைத் பின் ஹாரிஸா, ஜஅஃபர் பின் அபூ தாலிப், அப்துல்லாஹ் பின் ரவாஹா என்று கொடி ஏந்திய மூன்று தளபதிகளும் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். நாலாவதாகக் கொடியை எடுத்த காலித், மிச்சப் படையைக் காப்பாற்றிக் கூட்டிப்போனார்.

மூவரும் பக்கத்தில் மஸார் ஊரில் அடங்கியிருக்கிறார்கள். ஜஅஃபரின் அடக்கத்தலத்தில் வெள்ளிக் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நடுவயதுப் பெண் அழுதுகொண்டிருந்தார். கொடி பிடித்த இரு கைகளும் வெட்டுப்பட்டவர், அதற்குப் பதிலாகச் சொர்க்கத்தில் இரண்டு சிறகு கிடைத்தவர் என்பது நம்பிக்கை. நபியின் மருமகனும் நாலாவது கலீஃபாவுமான அலீயின் அண்ணன் என்பதால் ஷியாக்களுக்கும் இந்த இடம் முக்கியம். மக்காவின் கொடுமை தாங்காமல் அபிசீனியாவுக்கு ஓடிய முஸ்லிம்களுக்காக அந்த நாட்டு அரசர் நஜாஷி முன்னால் பேசி அடைக்கலம் வாங்கியவரும் இவர்தான். அந்தப் பட்டப்பெயருக்குரிய ஒருவரைத்தான் வலீத் குளியலறைச் சுவரில் வரைய வைத்திருக்கிறார். அகதியாய்ப் போய்க் கைகட்டி நின்ற வாசல், நூறு வருடத்தில் சுவர்ச் சித்திரம்.

ஜஅஃபரின் தம்பி மகன் ஹுஸைன் 680-இல் கர்பலாவில் கொல்லப்பட்டார், முஆவியாவின் மகன் யஸீதின் படையால். தஞ்சாவூர் பக்கம் காசவளநாடு புதூரில் மொஹரத்துக்கு இந்துக் குடும்பங்கள் அல்லாசாமி எடுப்பது அந்தச் சாவின் நினைவாகத்தான். அம்மோவிடம் இதைச் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டி, "இந்துக்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு. உத்ருஹ்

பெத்ராவுக்குப் போகும் கூட்டம் யாரும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. காற்று காதை அறுத்தது. ஊருக்குள் நுழைவதற்கு முன் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று பாதிதான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் ஓடிப்போய், டிராக்டரோடு தன் மாமாவைக் கூட்டிவந்தான். அவர் டயரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட, நாங்கள் அவர் வீட்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். அடுப்பு, டீ, மறுபடி டீ, ஷ்ராக் ரொட்டி, வெண்ணெய். ஒட்டுப்போட 3 தினார்தான் வாங்கினார், சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்ததும் முகம் மாறிவிட்டது.

உத்ருஹில் ரோமானியப் படையணியின் கோட்டைச் சுவர் இருக்கிறது. இந்த ஊர் மக்கள் தபூக் படையெடுப்பின்போது நபிகள் நாயகத்தோடு உடன்படிக்கை செய்து, வருடத்துக்கு நூறு தினார் கட்ட ஒப்புக்கொண்டவர்கள். 657-இல் ஸிஃப்பீனில் அலீயும் முஆவியாவும் மோதி, ஈட்டி முனையில் குர்ஆனை உயர்த்தி, சண்டையை நிறுத்தி மத்தியஸ்தம் பேசலாம் என்று முடிவானபோது, பேச்சு நடந்த இடமாகப் பழைய நூல்கள் சொல்வது தூமத் அல் ஜந்தலையும் இந்த உத்ருஹையும். அலீ தரப்பில் அபூ மூஸா, முஆவியா தரப்பில் அம்ர் பின் ஆஸ். அபூ மூஸா முதலில் எழுந்து இருவரையும் விலக்குவதாக அறிவித்தாராம், அடுத்து எழுந்த அம்ர் முஆவியாவை மட்டும் உறுதி செய்துவிட்டாராம். இவ்வளவு நாடகமாக நடந்திருக்குமா என்பது ஆராய்ச்சியாளர்களுக்கே சந்தேகம். ஆனால் விளைவில் சந்தேகமில்லை. மத்தியஸ்தத்தை ஏற்றதே பாவம் என்று அலீயின் படையிலிருந்தே ஒரு கூட்டம் பிரிந்தது, அவர்கள்தான் காரிஜியாக்கள். 661-இல் கூஃபா பள்ளிவாசலில் அலீயை வெட்டியவன் அவர்களில் ஒருவன். ஷியா, சுன்னி, காரிஜி என்ற மூன்று கிளைக்கும் வேர் அந்தச் சண்டையில் இருக்கிறது.

யர்மூக்குக்குப் பலகை உண்டு, முஅத்தாவுக்குப் பல்கலைக்கழகம் உண்டு. மத்தியஸ்தத்தைச் சொல்லும் பலகை எதுவும் இங்கே என் கண்ணில் படவில்லை. அம்மோவைக் கேட்டேன், யார் பக்கம் நியாயம் என்று. "அவர்கள் எல்லாரும் நபியின் தோழர்கள், உஸ்தாத். அல்லாஹ் நம் கையை அந்த ரத்தத்தில் படாமல் வைத்தான். நாக்கையும் படாமல் வைத்துக்கொள்வோம்." அதற்கு மேல் நான் தோண்டவில்லை.

நவம்பர் 10, திங்கள். ஹுமைமா

பாலைவன நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே விலகிப் போனால் செம்மண் வெளி, மணற்கல் குன்றுகள். வருடத்துக்கு 80 மில்லிமீட்டர் மழை. பெத்ராவைக் கட்டிய நபதேயர்கள் 26 கிலோமீட்டருக்கு மேல் கல்வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்த ஊர். இன்றைக்கு எங்களைத் தவிர ஒரு நாயும் காவலாளியும்தான்.

நபியின் சிற்றப்பா அப்பாஸின் பேரன் அலீ பின் அப்துல்லாஹ், ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஊரை விலைக்கு வாங்கிக் குடியேறினார். ஒரு வீடு, பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிவாசல். தோப்பில் ஐந்நூறு ஒலிவ மரங்கள் இருந்தன, தினமும் ஒவ்வொரு மரத்தடியிலும் இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழுவார் என்கிறது கதை. கணக்குப் பார்த்தால் தூங்க நேரமிருக்காது. அகழ்ந்தபோது மரச்சாமான்களில் பதித்திருந்த தந்தச் செதுக்கல்கள் கிடைத்தன. அந்தத் தந்தத்தை வைத்துப் பார்த்தால் வெறும் துறவி வீடில்லை.

டமாஸ்கஸுக்கும் மக்கா இருக்கும் ஹிஜாஸுக்கும் இடையிலான பாதை பக்கத்திலேயே போகிறது. யாத்ரீகர், வியாபாரி என்று யார் வந்தாலும் சந்தேகம் வராது. அந்த வழியாகத்தான் இந்த அலீ பின் அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மதின் ஆட்கள் கூஃபாவுக்கும் அங்கிருந்து ஈரானின் கிழக்கே குராசானுக்கும் போய்வந்து உமையாக்களுக்கு எதிராக ஆள் சேர்த்தார்கள். நபி குடும்பத்தில் எல்லாரும் ஏற்கும் ஒருவருக்காக என்று மட்டும் சொன்னார்கள், பெயரைச் சொல்லவில்லை. நபியின் மருமகன் அலீயின் வழிவந்தவர் என்று ஷியாக்கள் நினைத்துக்கொண்டார்கள். முஸ்லிமாகியும் அரபி இல்லை என்பதால் இரண்டாந்தரமாக நடத்தப்பட்ட குராசானியர்களுக்கு யாராக இருந்தாலும் சரி, உமையாக்கள் போனால் போதும். 747-இல் இவர்களின் ஆள் அபூ முஸ்லிம் அங்கே கறுப்புக் கொடி ஏற்றினார். இங்கேயிருந்த முஹம்மதின் மகன் இப்ராஹீமை உமையாக்கள் பிடித்துக்கொண்டுபோனார்கள், ஹர்ரானில் சிறையில் செத்தார். தம்பிகள் கூஃபாவுக்கு ஓடினார்கள். ஒருவர் முதல் அப்பாஸியக் கலீஃபா ஸஃப்ஃபாஹ். இன்னொருவர் மன்சூர், பிறந்ததே ஹுமைமாவில், பின்னாளில் பாக்தாதைக் கட்டியவர். 750-இல் ஈராக்கின் ஸாப் ஆற்றங்கரையில் உமையாக்கள் தோற்றார்கள். அவர்களில் தப்பிய அப்துர் ரஹ்மான் ஸ்பெயினில் போய் 756-இல் தனி ஆட்சி கண்டார். ஆட்சி பிடித்துக்கொடுத்த அபூ முஸ்லிமை 755-இல் மன்சூரே கொன்றார். காத்திருந்த அலீ வழியினருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்த முறை அம்மோவுக்குத் தயக்கமில்லை. "நபியின் தோழர்கள் விஷயம் வேறு. இவர்கள் அரசியல்வாதிகள்" என்றார். அந்த வீட்டுச் சுவர் இப்போது என் இடுப்பு உயரம். சாம்ராஜ்யத்தைக் கவிழ்த்த இடம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். காவலாளி கொடுத்த டீயில் சர்க்கரை ஸ்பூன் நிற்கிற அளவு.

நவம்பர் 11, செவ்வாய். அகபா

அம்மோ நேற்றிரவே ஊர் திரும்பிவிட்டார். மேலே கொடுத்த 20 தினாரை மூன்று தடவை மறுத்துவிட்டு நாலாவது தடவை வாங்கிக்கொண்டார், அதுதான் முறையாம்.

அகபாவில் ஸ்வெட்டரை மூட்டை கட்டியாயிற்று, சட்டையே கனக்கிறது. ஹோட்டல்களுக்கு நடுவில் வேலி போட்ட ஒரு பள்ளத்தில் பழைய ஐலா நகரம் கிடக்கிறது, டிக்கெட் இல்லை, உள்ளே ஏகப்பட்ட பூனை. உஸ்மான் காலத்தில், 650 வாக்கில், தொடங்கிய ஊர் என்கிறார்கள். உஸ்மான் கொல்லப்பட்டார், அலீ கொல்லப்பட்டார், உமையா போய் அப்பாஸ் வந்து எகிப்தை ஆண்ட ஃபாத்திமியாக்களும் வந்தார்கள். எகிப்திலிருந்து ஹஜ் போகிறவர்கள் இந்த வழியே போய்க்கொண்டே இருந்தார்கள், ஐலாக்காரர்கள் வியாபாரம் பார்த்தார்கள். அந்த ஊரை முடித்தது 1068 நிலநடுக்கமும் அப்புறம் வந்த சிலுவைப்போர்க்காரர்களும்.

மதியம் மீனும் மஞ்சள் சோறும் சேர்ந்த ஸயாதியா. பில் 14 தினார், மெனுவில் 10. கேட்காத சாலடுக்கும் தண்ணீருக்கும் நாலு. சாலட் நான் தொடவே இல்லை என்று தட்டைக் காட்டினேன். சர்வர் முதலாளியைக் கூப்பிட்டார், முதலாளி சமையல்காரரைக் கூப்பிட்டார், மூவரும் தங்களுக்குள் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். கடைசியில் 11 என்று முடிவாகி, சமாதானத்துக்கு ஒரு டீ வந்தது.